வாலைக் காலுன்னு சொன்னவன்

ஏலே மக்கா, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? அமெரிக்காவுல பார்சல் வண்டி ஓட்டுறவனுக்கு வருசத்துக்கு 1,70,000 டாலர்னு எவனோ உன் காதுல ஓதிட்டானாக்கும். நீயும் அதை அன்னைய டாலர் வெலையால பெருக்கிப் பாத்திருக்க. ஒரு கோடியே நாப்பது லட்சம்! பெருக்கல் உனக்கு நல்லாத்தான் வருது. படிக்கத்தான் வரமாட்டேங்கு.

இரு, கோவிச்சுக்கிடாத. நீ மட்டுமா ஏமாந்த? 2023 ஆகஸ்ட்ல யூபிஎஸ்ங்கிற பார்சல் கம்பெனித் தலைவி கேரல் டோமே அந்தத் தொகையைச் சொன்னாவ. சொன்ன வாயை மூடலை, கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து சோலி பாக்குற கூட்டத்துல பல பேரு மூக்கால அழ ஆரம்பிச்சிட்டானுவ. நாங்க பட்டம் வாங்கினோம், பெட்டி தூக்குறவன் எங்களைவிடக் கூட வாங்குதானேன்னு. ஏன்லே, அவன் வாங்கினா உனக்கு எங்க வலிக்கு? உன் சட்டைப்பையில இருந்தா எடுத்துக் குடுத்தானுவ? உனக்குக் கொறச்சுக் குடுக்கான்னா, குடுக்குறவன்கிட்டல்லா கேக்கணும்? அங்க போனா கையைக் கட்டிக்கிட்டு நிக்க. இங்க வந்து டிரைவர் மேல வயித்தெரிச்சல்.

நான் கண்ணாடியை மாட்டிக்கிட்டு அந்தம்மா சொன்னதை முழுசா வாசிச்சேன். தொழிலாளர் சங்கத்தோட போட்ட அஞ்சு வருச ஒப்பந்தம் முடியுத சமயத்துல, முழுநேர டிரைவருக்குச் சராசரியா, சம்பளமும் மத்த சலுகையும் சேத்து அம்புட்டு வரும். இதுதான் பேச்சு. ‘முடியுத சமயத்துல’ங்கிற இடத்துல நீ ஒரு கண்ணை மூடிட்ட. ‘சேத்து’ங்கிற இடத்துல இன்னொரு கண்ணையும் மூடிட்ட. பொறவு எங்க படிக்க?

ஒரு சீட்டு எடு. உச்ச சம்பளம் ஒப்பந்தம் முடியுதப்போ சராசரியா மணிக்கு 49 டாலர். வாரம் 40 மணி. வருசத்துக்கு 52 வாரம். போடு பாப்போம். 1,01,920. அப்போ மீதி எங்கலே? ஆஸ்பத்திரிக் காப்பீட்டுக்குக் கம்பெனி கட்டுற துட்டு. வயசான காலத்துக்குப் பென்சன் நிதியில போடுற துட்டு. பத்தாததுக்கு ஓவர்டைம். அதெல்லாம் துட்டு இல்லைன்னு நான் சொல்லலை. அந்த ஊர்ல காப்பீடு இல்லாம ஆஸ்பத்திரி வாசப்படி ஏறினவன்கிட்ட கேட்டாத் தெரியும் அதோட அருமை. ஆனா பென்சன் நிதியைக் காட்டி மளிகைக் கடையில அரிசி வாங்க முடியுமா?

இன்னொண்ணும் இருக்கு. அந்த உச்ச சம்பளத்தைத் தொட நாலு வருசம் ஆகும். அதுக்கு முன்னால டிரைவர் சீட்டுல உக்காரதுக்கே பல பேரு வருசக்கணக்குல உள்ள ஷெட்டுல பெட்டி ஏத்தி இறக்கிக் கெடந்தவன். விடியுததுக்கு முந்தியே போயி, நாலஞ்சு மணி நேரம் குனிஞ்சு நிமிர்ந்து, வேன் வேனாப் பிரிச்சு ஏத்தணும். அவனுவளுக்குப் பேரு பார்ட் டைம். யூபிஎஸ்ல சங்கத்துக்குள்ள இருக்குற 3,40,000 பேர்ல பாதிக்கு மேல இந்த அரைநேர ஆளுவதான். 2023 ஒப்பந்தத்துலதான் அவனுவளுக்குக் கொறஞ்சது 21 டாலர்னு ஆச்சு. இதை எவனாவது உனக்கு அனுப்பி வச்சானா?

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சம்பளம் குடுக்குறவன் தானா முன்வந்து, நாங்க இம்புட்டுக் குடுக்கோம்னு ஊரறியச் சொன்னாம்னா, அதுல ஏதோ சோலி இருக்கு. கேக்குறவன் டிரைவரைப் பாத்துப் பொறாமைப்படுவான். கம்பெனி லாபத்தை எவனும் கேக்கமாட்டான். 2022ல அந்தக் கம்பெனிக்கு வியாபாரத்துல வந்த லாபம் மட்டும் 1,300 கோடி டாலருக்கு மேல. அதை நீ எம்பதாலயும் பெருக்கலை, தொண்ணூறாலயும் பெருக்கலை. ஏன்?

சரி, சோலியைப் பாரு. பழுப்பு வண்டி. பின்னால அடைச்ச பெட்டி. உள்ள ரெண்டு பக்கமும் தட்டு, தட்டு பூராப் பார்சல். கோடையில அதுக்குள்ள போயி ஒரு பெட்டியைத் தேடி எடுத்துட்டு வெளிய வந்தாம்னா சட்டையைப் பிழிஞ்சிரலாம்.  இந்த வண்டிக்கு ஏசி கெடையாமலே இருந்துச்சு. நூறு வருசத்துக்கு மேல ஆன கம்பெனி. 2024 ஜனவரியில இருந்து வாங்குற புது வண்டிக்கு ஏசி போடுதோம்னு 2023லதான் கையெழுத்துப் போட்டானுவ. பழைய வண்டிக்கு ரெண்டு ஃபேன். சித்திரை மாசம் தகரக் கொட்டகையில நின்னு மூட்டை எண்ணினவன் நான். ஃபேன் என்ன செய்யும்னு எனக்குத் தெரியாதா? வெக்கையை அந்தப் பக்கம் இருந்து இந்தப் பக்கம் தள்ளும்.

வண்டியில இருக்குற கருவி என்னென்ன எழுதி வைக்கும் தெரியுமா? பெல்ட்டு போட்டானா, எப்பக் கதவைத் திறந்தான், எத்தனை தடவை பின்னால எடுத்தான், எல்லாத்தையும் எழுதும். இடது பக்கம் திரும்புறதைக் கொறைக்கச் சொல்லுதானுவ. அங்க வண்டி வலது ஓரமாப் போகுதுலா, இடது பக்கம் திரும்பணும்னா எதுக்க வாறவனுக்காக எஞ்சினை ஓடவிட்டு நிக்கணும். எண்ணெய்க்கும் செலவு, இடிக்கதுக்கும் வாய்ப்பு. கணக்குத் தெரிஞ்ச கம்பெனிதான், இல்லைங்கலை. ஆனா ஒரு மனுசன் நாள் பூரா ஒவ்வொரு தெருமுனையிலயும் கம்பெனியை நினைச்சுக்கிட்டே திரும்பணும்னா, அந்த மண்டைக்கு ஒரு வெலை போட்டுக் குடுக்கணுமா வேண்டாமா? எருதோட புண்ணு காக்காய்க்குத் தெரியுமா மக்கா?

இந்தச் சம்பளம் வானத்துல இருந்து விழலை. ஜேம்ஸ் கேசின்னு ஒரு பையன். 1907ல சியாட்டில் ஊர்ல நூறு டாலர் கடன் வாங்கி, தாக்கல் கொண்டுபோயி சேக்குற கடையைத் திறந்தான். அப்போ அவனுக்கு வயசு 19. அதுதான் யூபிஎஸ். 1916ல டீம்ஸ்டர்ஸ் சங்கத்தை உள்ள கூப்பிட்டதே அவருதான். பாத்தியா, முதலாளியே சங்கத்தைக் கூப்பிட்டிருக்காரு. இன்னைக்கு எவனாவது கூப்பிடுவானா? சங்கம்னு எழுதின காயிதத்தைப் பாத்தாலே வக்கீலைல்லா கூப்பிடுதான்.

டீம்ஸ்டர்ஸ்னா குதிரை வண்டிக்காரங்க சங்கம். 1903ல ஆரம்பிச்சது. இன்னைக்கும் சங்கத்து முத்திரையில ரெண்டு குதிரைத் தலை இருக்கு. குதிரை போயி லாரி வந்து, லாரிக்குள்ள கம்ப்யூட்டரும் வந்துட்டு. குதிரையை மட்டும் எடுக்கலை.

உடனே கொடியைத் தூக்கிக்கிட்டு ஓடாதலே. அந்தச் சங்கத்துப் பழைய கதையைக் கேட்டியா? ஜிம்மி ஹோஃபான்னு ஒரு தலைவர். செயிலுக்குப் போனாரு, வந்தாரு, 1975ல ஒரு நாள் சாப்பாட்டுக் கடை வாசல்ல நின்னவரு காணாமலே போயிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் ஒரு எலும்பு கெடைக்கலை. ரவுடிக் கூட்டத்தோட கொடுக்கல் வாங்கல் அம்புட்டு நெருக்கம். 1989ல இருந்து பல வருசம் அரசாங்கமே பக்கத்துல உக்காந்து சங்கத்தைக் கண்காணிச்சுது. சங்கம்னா எல்லாரும் சாமியாருன்னு நினைச்சியா? சாமியார் மடத்துலயே என்னென்னமோ நடக்கு.

ஆனாலும் அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். 1997 ஆகஸ்ட்ல 1,85,000 யூபிஎஸ் ஆளுவ பதினைஞ்சு நாளு வேலைக்குப் போகலை. அப்போதைய சங்கத் தலைவர் ரான் கேரி பழைய யூபிஎஸ் டிரைவர்தான். அரைநேர ஆளாவே வச்சு ஆயுசைத் தள்ளுதானுவன்னு சண்டை. அந்த நாட்டு சனம் ஸ்ட்ரைக்குன்னா மூஞ்சியைச் சுளிக்கும். அந்தத் தடவை டிரைவர் பக்கம்லா நின்னுச்சு. ஏன்? கம்பெனித் தலைவர் யாருன்னு எவனுக்குத் தெரியும்? வீட்டுக் கதவைத் தட்டுற பழுப்புச் சட்டைக்காரனைத்தானே தெரியும். கடைசியில பத்தாயிரம் முழுநேர வேலை கெடைச்சுது. செயிச்ச மூணாம் நாளே, சங்கத் தேர்தல் செலவுல கோளாறுன்னு கேரியோட தேர்தலை ரத்து பண்ணிட்டானுவ. அடுத்த வருசம் சங்கத்தை விட்டே வெளிய. 2001ல கோர்ட்டு அவரு மேல குத்தமில்லைன்னு விட்டுட்டு. அதுக்குள்ள ஆடி போயி ஆவணி போயி எல்லாம் போயிட்டு.

2018ல நடந்தது இன்னும் கூத்து. அப்போ சங்கத்துக்குத் தலைவர், காணாமப் போனாருன்னு சொன்னேம்லா, அந்த ஹோஃபாவோட மகன். புதுசா ஒரு டிரைவர் வகையறாவை உண்டாக்குனானுவ. அதே வண்டி, அதே தெரு, அதே நாய் கொலைக்கும். சம்பளம் மட்டும் கம்மி. ஒப்பந்தத்துல எந்தப் பத்தியில அது வருதோ அந்த நம்பரே அவனுவளுக்குப் பேராப் போச்சு, 22.4 டிரைவர்னு. ஓட்டுப் போட்டதுல 54 சதம் வேண்டாம்னுட்டானுவ. அப்போ தோத்துச்சுல்லாங்க? அதுதான் இல்லை. ஓட்டுப் போட வந்தது பாதிக்கும் கொறைவு, அப்படின்னா வேண்டாம்னு மூணுல ரெண்டு பங்கு சொன்னாத்தான் செல்லும்னு சங்கத்துச் சட்டத்துல ஒரு மூலையில எழுதிருக்காம். ஒப்பந்தத்தைத் தலையில கட்டிட்டானுவ. நம்ம ஊர் கோயில் கமிட்டியில கூட இப்படி ஒரு கணக்கை நான் பாத்ததில்லை.

அந்தக் கோவத்துல சங்கத் தலைவரா வந்தவருதான் ஷான் ஓப்ரையன். சத்தமாப் பேசுவாரு, ரொம்பச் சத்தமா. 2023 கோடையில டிரைவர்களைக் கூட்டி, ஸ்ட்ரைக்குக்கு ஒத்திகை பாத்தானுவ. ஆமாலே, ஒத்திகை! அட்டையைப் பிடிச்சுக்கிட்டு, கோசம் போட்டுக்கிட்டு, கம்பெனி வாசல்ல வட்டம் சுத்திட்டு, பொறவு உள்ள போயி வேலையைப் பாத்தானுவ. எனக்குச் சிரிப்பாணி அடக்க முடியலை. ஆனா பலிச்சுது பாத்துக்கோ. ஸ்ட்ரைக்குக்குச் சம்மதம்னு 97 சதம். ஜூலை 31 கெடு. 25ஆம் தேதியே கம்பெனி இறங்கி வந்துட்டு. 22.4 ஒழிஞ்சுது. ஓட்டுறவன் மூஞ்சியைப் பாத்துப் படம் பிடிக்கிற கேமரா கூடாதுன்னும் எழுதி வாங்கிட்டானுவ. 86.3 சதம் ஓட்டுல நிறைவேறிச்சு. அதாவது உண்மையான ஸ்ட்ரைக்கு ஒரு நாளுகூட நடக்கலை. ஒத்திகையிலயே வசூல்.

இது ஒரு கம்பெனி. எதிர்க்கடை என்ன செஞ்சுது? அதைக் கேளு, அதுலதான் சூட்சுமம் இருக்கு.

ஃபெட்எக்ஸ். ஃபிரெட் ஸ்மித் ஆரம்பிச்சது. 1973ல மெம்ஃபிஸ் ஊர்ல இருந்து 14 விமானம், மொத நாள் ராத்திரி 186 பார்சல். இப்போ உலகம் பூராப் பறக்கு. அதோட எக்ஸ்பிரஸ் பிரிவு வண்டியை ஓட்டுறவன் உன் வீட்டு வாசல்லதான் நிக்கான், கால் தரையிலதான் இருக்கு. ஆனா சட்டப்படி அவன் விமானக் கம்பெனி ஆளு. 1926ல ரயிலுக்குன்னு ஒரு தொழிலாளர் சட்டம் போட்டானுவ, பத்து வருசம் கழிச்சு விமானத்தையும் அதுக்குள்ள சேத்தானுவ. அந்தச் சட்டத்துக்குள்ள இருக்குறவன் சங்கம் வைக்கணும்னா நாடு பூரா ஒரே நேரத்துல ஓட்டெடுக்கணும். யூபிஎஸ் டிரைவர் வேற சட்டம். ஒரு ஊர் ஷெட்டுல இருக்குற நாப்பது பேரு சேந்தாலே சங்கம் வச்சிரலாம்.

வித்தியாசம் புரியுதா? நாப்பது பேரை டீக்கடையில வச்சே பேசி முடிச்சிரலாம். பத்தாயிரக்கணக்கானவனை, அலாஸ்காவுல ஒருத்தன், ஃபுளோரிடாவுல ஒருத்தன்னு எந்தக் கடையிலலே கூட்டுவ? யூபிஎஸ்கிட்டயும் விமானம் இருக்குலா, அப்போ அவனுவ டிரைவருக்கு மட்டும் ஏன் வேற சட்டம்னு கேட்டியா? நல்ல கேள்வி. அமெரிக்கப் பார்லிமெண்ட்டுலயும் இதே கேள்வி வந்துச்சு. 2009ல சட்டத்தை மாத்தி, ஃபெட்எக்ஸ் டிரைவரையும் யூபிஎஸ் டிரைவர் இருக்குற சட்டத்துக்குள்ள கொண்டுவரப் பாத்தானுவ. இது பழுப்புக் கம்பெனியைக் காப்பாத்த அரசாங்கம் குடுக்குற தானம்னு ஃபெட்எக்ஸ் காசைக் கொட்டி விளம்பரம் பண்ணுச்சு. மாத்தம் வரலை. அதே ஃபெட்எக்ஸ்ல விமானிகளுக்குச் சங்கம் இருக்கு. மேல பறக்குறவனுக்குச் சங்கம் ஆகாயத்துல ஆகும், கீழ ஓட்டுறவனுக்குத் தரையில ஆகாது.

இன்னொரு கூத்து ஃபெட்எக்ஸ் கிரவுண்ட். 1998ல வேற ஒரு கம்பெனியை வாங்கி, ரெண்டு வருசத்துல இந்தப் பேரு வச்சானுவ. இவனுவ டிரைவரைப் பாத்து, நீ டிரைவர் இல்லை அய்யா, நீயே முதலாளின்னுட்டானுவ. தனித் தொழில் நடத்துறவராம். கேக்க எம்புட்டு இனிப்பா இருக்கு! எலி வளைன்னாலும் தனி வளைல்லா? சரின்னு போனானுவ. வண்டியை நீ வாங்கணும். எண்ணெய் நீ போடணும். இன்சூரன்ஸ் உன்னது. சீருடைக்கும் ஸ்கேனருக்கும்கூட உன் காசு. ஆனா வண்டிக்கு அவன் சொல்ற வெள்ளை அடிக்கணும், தட்டு அவன் சொல்ற அளவுல இருக்கணும், தலைமுடி ஒழுங்கா வெட்டிருக்கணும். தினம் ஒன்பதரை மணி நேரத்துல இருந்து பதினோரு மணி நேரம் வரைக்கும் சரியா வேலை வாற மாதிரி அவன் பாத்துப் பிரிச்சுக் குடுப்பான். மாடு உன்னது, ஏரு உன்னது, தவிடும் பிண்ணாக்கும் உன் செலவு. எத்தனை சாலு எப்போ ஓட்டணும்னு வரப்புல நின்னு நான் சொல்லுவேன். ஆனா பண்ணையார் நீதாங்குற கதை. இப்படி ஒரு பண்ணையாரை எந்தச் சீமையிலயாவது பாத்திருக்கியா?

கோர்ட்டுக்குப் போச்சு. 2014ல கலிஃபோர்னியாப் பக்கத்து அப்பீல் கோர்ட்டு, இவனுவ தொழிலாளிதான்னு தீர்ப்புச் சொல்லிட்டு. அங்க ட்ராட்னு ஒரு நீதிபதி. அவரு தனியா எழுதின குறிப்புல லிங்கனைக் கூப்பிட்டாரு. ஆபிரகாம் லிங்கன் ஒரு நாள் கேட்டாராம்: நாயோட வாலையும் காலுன்னு சொன்னா, நாய்க்கு எத்தனை காலு? அஞ்சுன்னானாம் எதுக்க நின்னவன். இல்லைப்பா, நாலுதான், நீ சொன்னதுக்காக வாலு காலாயிராதுன்னாராம். எனக்கு அந்த நீதிபதியை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நூறு பக்கம் வக்கீல் எழுதினதை ஒரு நாய் வாலுல முடிச்சிட்டாருல்லா! பொறவு கலிஃபோர்னியாவுல 22.8 கோடி டாலர், அடுத்து இருபது மாநிலத்துக்கு 24 கோடி டாலர்னு கம்பெனி எடுத்து வச்சுச்சு.

திருந்திட்டானுவன்னு நினைக்கியா? வழியை மாத்திக்கிட்டானுவ. ஒத்த வண்டிக்காரன் வேண்டாம், நடுவுல ஒரு கான்ட்ராக்டர் இருக்கட்டும். பல வண்டி அவன் வச்சுக்கிடட்டும், டிரைவருக்குச் சம்பளம் அவன் குடுக்கட்டும். டிரைவர் தொழிலாளிதான், ஆனா என் தொழிலாளி இல்லை. இனிமே வாலைக் காலுன்னு சொல்லவேண்டியதில்லை பாரு. நாயே எங்க நாய் இல்லைன்னுட்டானுவ.

இந்த வித்தையை அமேசான் பாத்துது. 2018ல ஊரெல்லாம் விளம்பரம். பத்தாயிரம் டாலர் இருந்தாப் போதும், நீயும் டெலிவரி கம்பெனி முதலாளி ஆகலாம்னு. சட்டையில அமேசான், வேனுல அமேசான், எந்தத் தெருவுல எந்த வீடு மொதல்லன்னு சொல்றது அமேசான் ஆப்பு, ஓட்டுறவனைப் பாக்குற கேமராவும் அமேசான் சொல்லி வச்சது. சம்பளச் சீட்டுல மட்டும் வேற எவன் பேரோ. இப்படி ரெண்டு லட்சம் பேருக்கு மேல ஓட்டுதானுவ. 2024ல சராசரியா மணிக்கு 22 டாலர்னு அமேசானே சொல்லிச்சு. அங்க ஒப்பந்தம் முடியுதப்போ 49, இங்க 22. பெட்டி அதே பெட்டி. ஏறுற படியும் அதே படி. முழங்காலுக்குச் சட்டையில எழுதின பேரைப் படிக்கத் தெரியுமா?

நடுவுல இருக்கானே அந்தக் குட்டி முதலாளி, அவனைப் பாத்தாத்தான் எனக்குப் பாவமா இருக்கு. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. 2023 ஏப்ரல்ல கலிஃபோர்னியாவுல பாம்டேல்னு ஒரு ஊரு. அங்க ஒரு குட்டிக் கம்பெனியில 84 டிரைவரும் ஆளுங்களும் டீம்ஸ்டர்ஸ்ல சேந்தாங்க. குட்டி முதலாளியும் சரின்னு சங்கத்தை ஒத்துக்கிட்டான். கூலி கூட்டிக் குடுக்க ஒப்பந்தமும் போட்டான். அமேசான் என்ன சொல்லிச்சு? அந்தக் கம்பெனியோட கான்ட்ராக்டை முன்னமே முடிக்கதாச் சொல்லிட்டோம், அவங்க எங்க ஆளே இல்லைன்னுச்சு. எப்படி இருக்கு? கூலி கூட்டுற முதலாளிக்குக் கடையே இல்லை. அடுத்த வருசம் தொழிலாளர் வாரியத்து அதிகாரி ஒருத்தர் விசாரிச்சு, அமேசானும் சேந்துதான் இவங்களுக்கு முதலாளின்னாரு. அமேசான் இன்னும் ஒத்துக்கிடலை. வழக்கு நடக்கும். வக்கீல் வீட்டுல அடுப்பு எரியும்.

பாட்டில் கதை தெரியுமா? வாசிச்சுச் சிரிச்சு எனக்குப் புரையேறிட்டு. அமேசான்ல வேலை பாக்குறவனுவளைப் பாட்டிலுக்குள்ள ஒண்ணுக்கு இருக்க வைக்கானுவன்னு ஒரு பார்லிமெண்ட் உறுப்பினர் எழுதினாரு. 2021 மார்ச். அமேசான் எகத்தாளமா, இதையெல்லாமா நம்புதீரு, நெசம்னா எங்ககிட்ட எவன் வேலை பாப்பான்னு பதில் போட்டுது. ஒரு வாரம் போச்சு. பொறவு, தப்பாச் சொல்லிட்டோம், டிரைவர்களுக்குக் கக்கூசு கெடைக்கது சிரமந்தான்னு மன்னிப்புக் கேட்டுது. உலகத்துல எந்த மூலையில எந்தப் பெட்டி இருக்குன்னு சொல்லத் தெரிஞ்ச கம்பெனி. ஓட்டுறவனுக்கு எங்க அவசரம்னு தெரியலை.

இப்போ நீ கேப்ப, அதெல்லாம் சரி தாத்தா, சம்பளத்தை இப்படி ஏத்துனா கம்பெனி மூழ்கிராதான்னு. கேளு, கேக்க வேண்டிய கேள்விதான். 2024 ஜனவரியில யூபிஎஸ் 12,000 பேரை வேலையை விட்டு எடுக்கப்போறோம்னுச்சு, பெரும்பாலும் மேனேஜர் கூட்டம். 2025ல அமேசானுக்குக் கொண்டுபோற பார்சலைப் பாதிக்கு மேல கொறைக்கோம்னு சொல்லிட்டு. பெரிய வாடிக்கை, ஆனா லாபம் கம்மியாம். தொண்ணூத்துமூணு கட்டடத்தை மூடுனானுவ. துட்டு தாறோம் வீட்டுக்குப் போன்னு டிரைவர்களுக்கே ஆசை காட்டுனானுவ. 2025 முடியுததுக்குள்ள 48,000 வேலை போச்சு. உடனே ஒரு கூட்டம், பாத்தியா, சங்கம் வந்து கெடுத்துட்டுன்னு குதிக்கு. இன்னொரு கூட்டம், சம்பளம் ஒரு காரணமே இல்லைன்னு சத்தியம் பண்ணுது. ரெண்டு பேரும் முழுசாச் சொல்லலை. 49 டாலர்க்காரனுக்குப் பக்கத்துலயே 22 டாலர்க்காரன் ஓட்டுனா, பெட்டி எந்தப் பக்கம் சரியும்? பள்ளத்துக்குத்தானே தண்ணி போகும். மேட்டைக் கரைக்கணும்ங்கான் ஒருத்தன். பள்ளத்தை நிரப்புன்னு அந்த ரெண்டு கூட்டமும் வாயைத் திறக்கலை. டீம்ஸ்டர்ஸ் அமேசான் வாசல்ல 2024 கிறிஸ்மஸ்க்கு முன்னால போயி நின்னதும் இதுக்குத்தான். அடுத்தவன் மேல கரிசனம் பாதி, தன் சோத்துல மண் விழுமேங்கிற பயம் பாதி. அதுல தப்பு என்ன இருக்கு? பயந்தவன்தான் வேலிக்கு முள்ளு வெட்டுவான்.

நீ இருக்கியே, பார்சல் ரெண்டு நிமிசத்துல வீட்டுக்கு வரணும், அனுப்புற கூலி இல்லாம வரணும், கொண்டு வாறவனுக்கு ஒரு கோடி குடுக்கானுவன்னு வயிறும் எரியணும். மூணும் ஒரே வயித்துல எப்படிலே இருக்கு?

என்ன, அப்போ நான் போயி அந்தப் பழுப்பு வண்டியை ஓட்டவாங்கியா? போயேன், யாரு வேண்டாம்னா? விசாவை எவன் குடுப்பான்னு மொதல்ல விசாரி. பொறவு ஷெட்டுல போயி மூணு மணிக்குப் பெட்டி ஏத்து. சீனியாரிட்டி பட்டியல்ல உன் பேரு மேல ஏறுத வரைக்கும் இடுப்பு தாங்குதான்னு பாரு. இந்த ஒப்பந்தம் 2028 ஜூலை 31 வரைக்கும் இருக்கு, அதுக்குள்ள ஒத்திகைக்குக் குரலும் சேத்து வச்சுக்கோ. இந்தத் தாடியை எடுக்கணுமோன்னு மட்டும் கவலைப்படாத. அங்க தாடி வைக்கக்கூடாதுன்னு ரொம்ப காலமா ஒரு விதி இருந்துச்சு, 2020லயே எடுத்துட்டானுவ.